பிக்கப் போதுமா?

“முழுசா அமுக்கிட்டியாம்மா? இவ்ளோதான் போவுமா?”

டெஸ்ட் டிரைவில் பக்கத்து சீட்டிலிருந்து கமலக்கண்ணன் கேட்டதும், ஓட்டிக்கொண்டிருந்த தஹ்ஸீன் ஆக்ஸிலேட்டரை இன்னும் அமுக்கிப் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்ட அதே கேள்வி. இதற்கு அடுத்தது “யோசிச்சுச் சொல்றேம்மா” என்று வரும். யோசிக்கப் போனவர்களில் ஒருத்தராவது திரும்பி வந்தால்தானே!

புதுச்சேரியில் ஒரு எலெக்ட்ரிக் கார் ஷோரூமில் தஹ்ஸீன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு வண்டிகூட விற்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மேனேஜர் கோபிநாத் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மாதக் கடைசி இன்றைக்குத்தான்.

வண்டியைக் குறை சொல்லக் கூடாது. சத்தமில்லை, புகையில்லை, நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம். பிக்கப்தான் சுமார். ஊருக்குள் ஓட்டினால் தெரியாது, ஈ.சி.ஆரில் ஏறினால் மானம் போய்விடும். வாங்கின புண்ணியவான்கள் அதை டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

வண்டி கமலக்கண்ணனின் பையனுக்காம். காலாப்பட்டில் படிக்கிறானாம், சாரத்திலிருந்து தினமும் இதே ரோட்டில்தான் போய்வர வேண்டுமாம். அவனையும் கூட்டி வந்திருக்கலாமே என்று தஹ்ஸீன் கேட்டதற்கு, வீட்டில் ரெஸ்டில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார் கமலக்கண்ணன்.

முத்தியால்பேட்டையைத் தாண்டும்போது ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது. டவுன் பஸ்! கமலக்கண்ணன் திரும்பி, பின்சீட்டிலிருந்த மனைவி அமுதவல்லியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

கண்ணாடியில் அதைப் பார்த்த தஹ்ஸீனுக்கு அழுகை முட்டியது. கூடவே ரோஷமும் வந்தது. காலேஜ் பையனுக்கு வண்டி வாங்க வந்தவர்கள், பிக்கப் இல்லாவிட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கோபிநாத் சொல்லிக்கொடுத்த வித்தைகளை எல்லாம் இன்றைக்கு இறக்கிவிடுவது என்று முடிவெடுத்தாள்.

வித்தை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேகம் கூட்டுகிற ஸ்போர்ட் பட்டனைத் தட்டு, ஏ.சி.யை அணை. நிற்கிற இடத்திலிருந்து எதையும் முந்தப் பார்க்காதே, தூரத்திலேயே வேகம் பிடித்துக்கொண்டு வா. முக்கியமாக, ஸ்டாப்பில் நிற்கப்போகிற பஸ்ஸாகப் பார்த்து முந்து. பஸ் மெதுவாகிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தோன்றாது, நாம்தான் பறக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

கோட்டக்குப்பம் தாண்டி ரோடு காலியானதும் தஹ்ஸீன் பட்டனைத் தட்டினாள். சென்னை பஸ் ஒன்று ஸ்டாப்புக்காக ஓரம் கட்டுகிற நேரம் பார்த்து அதை முந்தினாள். லோடு ஏற்றி முக்கிக்கொண்டு போன லாரியை முந்தினாள். அந்தச் சூட்டோடு அதற்கு முன்னால் போன இன்னொரு லாரியையும் தாண்டிவிட்டாள்.

கமலக்கண்ணன் மேலே இருந்த பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “யம்மா, யம்மா” என்றார். பின்னால் அமுதவல்லி முன்சீட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அசந்துபோய்விட்டார்கள் என்று தஹ்ஸீன் நினைத்தாள். வேலை பிழைத்தது என்று மனசுக்குள் ஒரு அல்ஹம்துலில்லாஹ்கூடச் சொல்லிவிட்டாள்.

காலாப்பட்டில் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தி, எப்படி சார் இருந்தது என்று பெருமையாகக் கேட்டாள். கமலக்கண்ணன் இறங்கி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அமுதவல்லி இறங்கவே இல்லை.

“வேணாம்மா. இது சரிப்பட்டு வராது.”

தஹ்ஸீன் அவசரமாக இறங்கி அவர் முன்னால் வந்தாள். “சென்னை பஸ்ஸையே முந்தினோமே சார். இதுக்கு மேல என்ன சார் பிக்கப் வேணும்?”

“அதாம்மா பயமா இருக்குது. எதிர்ல லாரி வந்தாலும் எம்புள்ள முந்தாம வுட மாட்டான். போன மாசம்தான் ஒரு காரை அப்பளமா நொறுக்கிட்டு, கால்ல பிளேட்டு வச்சிக்கினு கெடக்கறான். இந்த வண்டி எதையும் முந்தாதுன்னு ஊரே சொல்லுச்சு. அத நம்பித்தாம்மா வந்தோம்.”

டவுன் பஸ் முந்தியபோது அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று தஹ்ஸீனுக்கு இப்போதுதான் உறைத்தது. உலகத்திலேயே இந்த வண்டியை இதன் குறைக்காகவே தேடி வந்த ஒரே மனுஷனிடம் அந்தக் குறையை மறைத்துத் தொலைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பட்டன், ஏ.சி., நிற்கப்போகிற பஸ், லோடு லாரி, ஒன்று விடாமல். ஊர் சொன்னதுதான் நிஜம் சார், சத்தியமாக இது எதையும் முந்தாது, அந்தப் பட்டனையும் ஷோரூமிலேயே பூட்டித் தந்துவிடலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். கமலக்கண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று திரும்பும் வழியில் எந்த வித்தையும் இல்லாமல், காலை முழுசாக அமுக்கியே ஓட்டினாள். லோடு லாரிகள்கூட முந்திப் போயின. மீன்கூடை ஏற்றிய மினி வேன் முந்தியது. கோட்டக்குப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோகூட ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது. தஹ்ஸீன் இவ்வளவு சந்தோஷமாக எதற்கும் வழி விட்டதே இல்லை.

ஷோரூம் வாசலில் வண்டி நின்றது. கமலக்கண்ணன் மனைவியை இறக்கிவிட்டு, குனிந்து ஜன்னல் வழியே தஹ்ஸீனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“வண்டிய விக்கணும்னு வேணும்னே மெதுவா ஓட்டுறியேம்மா.”