வாசல் எந்தத் திசை?

இனி ஆயுசுக்கும் சாலையில்தான் குடித்தனம் என்று கிளம்பிவிட்ட செண்பகவல்லி, பதினோராவது கேரவனின் முன்பும் மறைந்த கணவரின் காம்பஸைப் பிடித்துப் பார்த்தாள்.

“இதுக்கும் வாசல் தெற்குதான்.”

“சக்கரம் வச்ச வீட்டுக்குத் திசை பாக்குற முதல் ஆள் நீங்கதாம்மா!” என்று சிரித்தாள் விற்பனைப் பெண் ரெஹானா.

“கிழக்கு வாசல் இல்லன்னு முப்பது வருஷம் எந்த வீட்டையும் வாங்க விடல எங்க வீட்டுக்காரர். வாடகை வீட்லயே போய்ச் சேந்தார்.”

“இது சொன்னாக் கேட்டுத் தானா ஓடுற வண்டிம்மா. அப்ப உள்ள உக்காந்து வண்டிகிட்டயே சொல்லுங்க.”

சொன்னாள். கேரவன் மெல்ல உருண்டு, திரும்பி நின்றது. “எங்க நிறுத்தினாலும் இப்படியே நிக்கிறேன்மா” என்றது.

செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். காம்பஸை வாசலோரக் கொக்கியில் மாட்டினாள்.

“ஏங்க, அசல் கிழக்கு! வாங்க, பால் காய்ச்சிடலாம்” என்றாள் அவரிடம்.