குதிரைக் காசு

அண்ணன் மட்டும் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால், பழங்காசுக் கடைக்காரரின் கண்ணாடி அலமாரி அன்று காலையிலேயே தூள் தூளாகியிருக்கும்.

"வேணாம்டா. இவன்கிட்டப் பேசி என்ன ஆகப்போகுது? வா, வீட்டுக்குப் போகலாம்" என்று தம்பியின் தோளை அணைத்தபடியே படியிறக்கினார் அண்ணன். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

தம்பி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பகலெல்லாம் அடுத்தவர் எலும்பைப் பார்த்துவிட்டு, சாயங்காலமானால் பூதக்கண்ணாடியும் கையுமாகப் பழைய காசுகளோடு உட்கார்ந்துவிடுவார். அதிலும் கடிவாளம் இல்லாத குதிரை பொறித்த வெள்ளிக் காசு என்றால் அவருக்கு உயிர். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் அது இருந்தது. படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

அப்படி ஒரு காசு விற்பனைக்கு வந்திருக்கிறது என்று சென்ற கோடையில் கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார். விலையைக் கேட்டதும் தம்பிக்குத் தலை சுற்றியது. ஆனால் ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகு திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டு வந்தார்.

அவருக்கு இருந்த ஒரே சொத்து, அம்மா விட்டுப்போன வீட்டிலும் மனையிலும் பாதி. அண்ணன் குடும்பம் அந்த வீட்டில்தான் இருந்தது. கழிவுநீர்த் தொட்டிக்காகக் கொல்லைப்புறத்தில் குழி தோண்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சுற்றிலும் தகரம் அடித்து வைத்திருந்தார் அண்ணன். வீடு ஒரே கையில் இருந்தால்தான் எந்த வேலையும் செய்ய முடியும் என்று சொல்லி, கொஞ்ச நாளாகத் தம்பியின் பாதியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பியின் மனைவிதான் பிடிகொடுக்கவில்லை. துணி உலர்த்தக்கூட இடமில்லாத வாடகை மாடியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவள் அவள். என்றைக்காவது அந்தப் பாதியில் வீடு கட்டும்போது ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். இந்தக் காசு ஏறுமே தவிர இறங்காது, கொஞ்சம் பொறுத்து விற்றால் தனி வீடே வாங்கிவிடலாம் என்று தம்பி அவளுக்குச் சமாதானம் சொன்னார்.

"இதே மாதிரி இன்னொண்ணு கிடைச்சா?" என்று கேட்டாள் அவள்.

கிடைக்கவே கிடைக்காது என்றார். அரைமனதாக அவளும் சம்மதித்தாள். அண்ணன் பேரம் பேசவில்லை, கேட்ட விலையை அப்படியே எடுத்து வைத்தார். அந்தப் பணம் வந்த சூட்டோடு கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அன்று தம்பி காசை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

இன்னொன்று கிடைக்கவில்லை. ஒரு பானை நிறையக் கிடைத்துவிட்டது.

முதலில் வெளியூர் ஏலத்தில் ஒரு கைப்பிடி வந்தது. பிறகு மூலைக்கு மூலை கடைகளில் குதிரைகள் முளைத்தன. பானையை எடுத்தது யார், எங்கே எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முதலில் அடித்துப் பிடித்து வாங்கியவர்களும், இன்னும் வரும், அவசரம் எதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். விலை சறுக்குமரத்தில் விட்டதுபோல் இறங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் கடிவாளமில்லாத குதிரையை மோதிரத்தில் பதித்து விற்கும் நிலைமை வந்துவிட்டது.

மனைவி வழக்கம்போல் சோறு போட்டாள், வழக்கம்போல் ஈரத்துணியை ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். அதைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை.

ஆறுதலுக்கு இருந்தது அண்ணன் ஒருவர்தான். வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்காருவார். போனது போகட்டும், உனக்கு நான் இருக்கிறேன் என்பார். பானை விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் அந்த ஆள் உன் தலையில் கட்டிவிட்டான், இனிமேல் அந்தக் கடை வாசலையே மிதிக்காதே என்பார். கேட்டே தீருவேன் என்று தம்பி கிளம்பிய அன்றும் துணைக்கு வந்து, கைகலப்பு ஆகாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சில நாள் கழித்துத் தம்பி தனியாகப் போனார். இந்தமுறை சண்டைக்கு இல்லை. அந்தக் காசு வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றுதான் போனார். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பழகின மனுஷனை இப்படி ஏமாற்றலாமா என்று தம்பி கேட்டார். கடைக்காரர், தானும் ஏமாந்தவன்தான் என்றார். இருப்பது இந்த ஒரு காசுதான் என்று சொல்லி ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தாராம். பேரை வெளியில் சொல்லக் கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டாராம். கடைக்காரருக்குக் கிடைத்தது கமிஷன் மட்டும். பானைக் கதை வெளியில் வந்தபோதுதான் அவருக்கும் விஷயம் விளங்கியிருக்கிறது.

"ஆனா ஒண்ணு எனக்கு அப்பவே உறுத்துச்சு சார். உங்களைத் தவிர வேற யாருக்கும் விக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாரு."

"எனக்கு மட்டுமா? என்னை எப்படி அவருக்குத் தெரியும்?"

கடைக்காரர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணன்தான் சார்."