பக்கத்து ரூம்காரியின் மாத்திரை

டான்யா தேர்வுக்கான மாத்திரைக் கிண்ணத்தை எடுத்து வைத்தபோது, கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்தவள் கொட்டாவி விட்டாள்.

அதைப் பார்த்து டான்யாவுக்கும் கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, வீட்டுக்குப் போய்க் கணவன் கர்ட்டிஸின் ஆக்சிஜன் குழாயை மாற்றிவிட்டு, நேற்றைய சோள ரொட்டியைக் காரிலேயே தின்றபடி கல்லூரிக்கு வந்திருந்தாள். கண்ணுக்குள் மணல் உறுத்துவது போலிருந்தது.

பயிற்சி அறைக் கட்டில்களில் எல்லாம் பிளாஸ்டிக் பொம்மைகள். ஒன்றில் மட்டும் உயிருள்ள ஆள். மருந்து கொடுக்கும் தேர்வுக்குப் பொம்மை போதாதென்று, விருப்பப்பட்டு வருகிற யாரையாவது கல்லூரி படுக்கவைக்கும்.

இன்று வந்தவள் ரீவா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலையிலிருந்து மாணவிகள் ஒவ்வொருத்தியாக வந்து அவளுக்குப் புதினா மிட்டாயை மாத்திரையென்று கொடுத்துப் போயிருந்தார்கள்.

தேர்வாளர் மிசஸ் காம்ப்ஸ் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் சில விஷயங்களைச் சொல்வது எளிது. டான்யா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

உதவி நர்ஸாகவே பாதி வாழ்க்கை போய்விட்டது. முழு நர்ஸ் படிப்புக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தத் தேர்வில் தேறினால்தான் அது உறுதி. இரண்டு முறை தவறியாயிற்று. இதுதான் கடைசி. இன்றும் தவறினால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்கிறவளுக்கு இடம் போய்விடும்.

முழு நர்ஸ் ஆனால் ஆஸ்பத்திரியில் பகல் வேலை கிடைக்கும். சுரங்கத் தூசி அரித்த நுரையீரலோடு ராத்திரி மூச்சுக்குத் திணறுகிற கர்ட்டிஸ் பக்கத்தில் அவள் இருக்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரீவா குறுக்கே பேசாமல் கேட்டாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"சரி கண்ணு, பாஸாகிக்கோ. என்னைக் கொல்லாமப் பாத்துக்கோ, அது போதும்" என்றாள்.

மிசஸ் காம்ப்ஸ் பேனாவோடு வந்து நின்றார். தேர்வு தொடங்கும்முன் டான்யா மனதுக்குள் ஜெபித்தாள். கை நடுங்கக் கூடாது, ஆண்டவரே.

கை நடுங்கவில்லை. கழுவினாள். மருத்துவர் எழுதியதைப் பார்த்தாள். மாத்திரையைச் சரிபார்த்துக் கிண்ணத்தில் போட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், தண்ணீர் ஊற்றினாள், கிண்ணத்தை ரீவாவின் வாயருகே கொண்டுபோனாள்.

மிசஸ் காம்ப்ஸின் பேனா அசையாமல் நின்றது. டான்யா அதைக் கவனிக்கவில்லை.

முன்பு இரண்டு முறையும் இதே இடத்தில்தான் தவறினாள். மருந்து கொடுக்கும்முன் நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையோடு ஒப்பிட வேண்டும். அதைச் செய்யாமல் மாத்திரை வாய்க்குள் போனால் தோல்விதான், வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

தெரியாமல் இல்லை. ஆனால் இல்லத்தில் அவள் கவனிக்கிற கிழவிகள் எல்லாரும் அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்கள். அவர்களிடம் போய்ப் பெயரைக் கேட்டால், கொழுப்பாடி உனக்கு என்பார்கள். கேட்காமலே பழகிய நாக்கு. ரீவாவோடும் இவ்வளவு பேசியாயிற்று. இனி அவள் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

ரீவா வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும்.

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். பிறகு, நோயாளியாக நடிக்கத்தானே வந்திருக்கிறாள், கிழவிக் குரலில் முனகினாள்.

"இது என் மாத்திரைதானா? நேத்து ஒருத்தி பக்கத்து ரூம்காரியோடத என் வாயில போட்டுட்டா. ராத்திரி பூரா பாடிக்கிட்டே கெடந்தேன்."

டான்யாவின் கை அந்தரத்தில் நின்றது.

கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தாள். பெயரைக் கேட்டாள். பிறந்த தேதியைக் கேட்டாள். ரீவா கையை நீட்ட, பட்டையில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

அவள் ஜெபித்தது தன் கைக்காக. கொடுக்கப்பட்டது இன்னொருத்தியின் வாய்.

மிசஸ் காம்ப்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோயாளிகள் இதைவிட அதிகம் புலம்புவார்கள் என்று மட்டும் சொன்னார். தேறினாள் என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, அலுவலகம் மூடுவதற்குள் போகச் சொன்னார்.

டான்யா குனிந்து ரீவாவைக் கட்டிக்கொண்டாள். போ, போய்த் தூங்கு என்று ரீவா அவள் முதுகில் தட்டினாள்.

அலுவலகத்தில் சேர்க்கையைக் கவனிக்கும் ஷெர்ரி தாளை வாங்கிப் பார்த்து, கணினியில் ஏதோ தட்டினாள். ஆகஸ்டு வகுப்பில் இடம் உறுதி என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு இப்போதே சொல்லியாக வேண்டுமாம். அந்த அம்மாளும் பாவம், எத்தனையோ வருஷமாக நிற்கிறாளாம்.

ஷெர்ரி தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினாள்.

வெளியே நடைவழியில் ஒரு போன் அடித்தது.

டான்யா திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த ரீவா, கட்டி முடிக்காமலே போனைக் காதில் வைத்தாள். ஷெர்ரி தயங்கித் தயங்கிச் சொல்வதை முழுக்கக் கேட்டாள்.

"தெரியும்மா. பரவால்ல" என்றாள். "அந்தப் பொண்ணு நல்லாவே மாத்திரை குடுக்கறா."