ஓரத்தில் ஒரு முழங்கை

"பொய்! பச்சைப் பொய்!"

கத்தவில்லை. அவளுக்குக் கத்தவும் வராது. இடுப்பிலிருந்த குழந்தையின் காதில்தான் முணுமுணுத்தாள்.

நூலகத்துச் சுவர் முழுக்க அவர்கள் தெருவின் படங்கள். 'எங்கள் அன்றாடம்' என்று மேலே எழுதியிருந்தது. நடுவில் பெரிதாக அவள் வீட்டுக்காரர். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு தட்டுக் கழுவுகிறார். கீழே, 'தினமும், சாப்பாட்டுக்குப் பிறகு.'

தினமுமா? குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷன். இந்தப் படங்களை எடுக்கப் போட்டோக்காரக்கா வீட்டுக்கு வந்த அன்று, அவள் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டுகளையே எடுத்து மறுபடி கழுவினார்!

அந்த அக்காவோ சன்னல் திரையை நேராக்கக்கூட விடவில்லை. "இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும், தங்கச்சி" என்றவர். அவரே இப்படி எழுதலாமா?

"என்னங்க, இதுல நான் எங்கே?"

"இதோ இருக்கியே!" வீட்டுக்காரர் படத்தின் ஓரத்தைக் காட்டினார். "அடுப்பைத் துடைக்குது பாரு, உன் முழங்கை!"

அதற்குள் எதிர்வீட்டு அக்கா தன் கணவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்லாப் பாருங்க! இந்தத் தம்பியும் ஆம்பளைதான். தம்பி, இனிமே உங்க சமையலறை சன்னலைச் சாத்தாதீங்க. எங்க வீட்டுல இருந்தே இவர் பார்த்துக் கத்துக்கட்டும்."

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிடாதே என்று அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பிட்டு எழுந்ததுமே எதிர்ச்சன்னலில் குரல். "தம்பி, ஆரம்பிச்சாச்சா?"

"இதோக்கா!" பாய்ந்தார் மனுஷன்.

முதல் வாரம் ஒரு கண்ணாடி டம்ளர் போனது. அடுத்த வாரம், "அடிப்பிடிச்ச சட்டியை ஊறவைக்கணும்னு ஏன் சொல்லலை?" என்று அவளிடமே சண்டை. எதிர்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனபிறகும் கை நிற்கவில்லை. கூடவே சீட்டி வேறு.

ஒரு ஞாயிறு மத்தியானம் போட்டோக்காரக்கா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்து வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லியேவிட்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. இந்தப் படம் பொய்."

"தெரியுமே. ஒரு துளி அழுக்கில்லாத தட்டை என்னமாத் தேய்ச்சார்!"

"தெரிஞ்சுமா தினமும்னு எழுதினீங்க?"

அக்கா சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். உள்ளே குழாய்ச் சத்தம், சீட்டிச் சத்தம். சட்டையெல்லாம் ஈரமாக, மனுஷன் ஒரு சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலடியில் குழந்தை மூடியைத் தட்டித் தாளம் போட்டது. யார் வந்ததென்றுகூட அவர் திரும்பவில்லை.

"ஐயோ, இப்ப எடுங்கக்கா! இதுதான் நிஜம்!"

"வேண்டாம். கேமராவைப் பார்த்தா மறுபடி நடிக்க ஆரம்பிச்சிடுவார்."

அக்கா கேமராவை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ அசையாதே தங்கச்சி. சாப்பாடு முடிஞ்ச நேரத்துல, கை ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கே பாரு... இந்தப் படத்துக்காகத்தான் அந்தப் பொய்யை மாட்டினேன்!"