தோத்தாத்ரியின் முழங்கை

"சர்டிபிகேட்டா? வேர்த்தா விசிறிக்கலாம். வேற எதுக்கு ஆகும்?"

முதலாளி ஸ்ரீரங்கன் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் கம்ப்யூட்டர் மேனேஜர் தோத்தாத்ரியும் சிரித்தார்.

ஹில்டா சிரிக்கவில்லை. சேலையூரிலிருந்து பஸ் பிடித்து, தாம்பரத்தில் ரயில் பிடித்து, மவுண்ட் ரோடு வரை ஒரு வருஷம் போய்க் கம்ப்யூட்டர் படித்து வாங்கிய சர்டிபிகேட் அது.

"நீர் என்ன சொல்றீர், தோத்தாத்ரி?"

"சர்டிபிகேட்டா சார் வந்து மெஷினை ஓட்டப் போகுது?"

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபத்து மூன்றாம் வருஷம். குரோம்பேட்டையில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் புதுசு. அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம்கூட இன்னும் அதன் மேல் அழியாமல் இருந்தது.

புரோகிராமர் வேலை ஒன்றே ஒன்று. கடைசி வரை வந்தவர்கள் இரண்டு பேர். ஹில்டா, ரவி.

ரவி எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டவன். கெட்டிக்காரன்தான். முதலாளிக்கு அக்கா மகன் வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு நாற்காலி முதலில் வந்துவிடும். பரீட்சை அப்புறம்தான் வரும்.

காலையில் கிளம்பும்போதே ஹில்டாவின் அப்பா சொல்லியிருந்தார். "இதுவும் இல்லேன்னா கம்ப்யூட்டரை மறந்துடு. டீச்சர் டிரெயினிங்ல சேர்ந்துடணும்."

"கண்டிப்பா கிடைக்கும்ப்பா."

பரீட்சை இதுதான். இரண்டு பேரும் ஒரே கணக்குக்குப் புரோகிராம் எழுத வேண்டும். அதை அட்டைக் கார்டுகளில் ஓட்டை போட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரு வரிக்கு ஒரு கார்டு. ஒரு கார்டு இடம் மாறினாலும் மொத்தமும் பாழ்.

இருவரும் ஒன்றாகவே முடித்துக் கார்டுக் கட்டோடு வந்து நின்றார்கள்.

"யாரோடது முதல்ல தப்பில்லாம பிரிண்ட் ஆகுதோ அவங்களுக்கு வேலை," என்றார் ஸ்ரீரங்கன். "சங்கு ஊதினா மெஷின் சம்பளக் கணக்குக்குப் போயிடும். நேரமில்லை. ரவியோடதை முதல்ல விடும்."

"சார்! ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே முடிச்சோம்? சீட்டுப் போட்டுப் பார்க்கலாமே?"

"சீட்டுக் குலுக்க இதென்ன சர்ச் பஜாராம்மா? தோத்தாத்ரி, ஆகட்டும்."

தோத்தாத்ரி இரண்டு கட்டுகளையும் கையில் வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மெஷின் பக்கம் திரும்பினார்.

அவருடைய முழங்கை தட்டில் பட்டது.

படார்!

அறை முழுக்கக் கார்டுகள். மேஜைக்கு அடியில், மெஷினுக்கு அடியில், முதலாளியின் காலடியில். இரண்டு பேருடையதும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"ஓய்! கண்ணை எங்கேய்யா வெச்சிருக்கீர்?" ஸ்ரீரங்கன் கத்தின கத்தலில் அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோனது. "தலை நரைச்சாச்சு, ஒரு தட்டைப் பிடிக்கத் தெரியலை! உமக்கெல்லாம் மேனேஜர்னு ஒரு பேரு!"

"தப்புதான் சார்," என்று தலையைக் குனிந்துகொண்டார் தோத்தாத்ரி. "பொறுக்குங்கம்மா, பொறுக்குப்பா! யார் முதல்ல அடுக்கிக் கொடுத்தாலும் விட்டுடறேன். சங்கு ஊதப் போகுது!"

ரவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்தான்.

ஹில்டா படிக்கவே இல்லை.

அவள் கார்டு ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதை மட்டும் பொறுக்கினாள். கட்டாகச் சேர்த்துத் தட்டினாள். புள்ளிகளைப் பார்த்து மடமடவென்று முன்னே பின்னே செருகினாள். எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து, கட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சாய்வான கோடாக ஆகிவிட்டன.

"இந்தாங்க சார்!"

கார்டுகள் சரசரவென்று உள்ளே ஓடின. பிரிண்டர் தடதடவென்று அடித்தது. காகிதம் வெளியே வரவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

ஸ்ரீரங்கன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தப்பாவது இருக்காதா என்று தேடினார். இல்லை.

"மாமா, அவங்களுக்கே குடுத்துடுங்க," என்றான் ரவி தரையிலிருந்தே. "எனக்கு மூணாவது கார்டே இன்னும் கிடைக்கலை."

தானே வைத்த பந்தயம். முதலாளியால் என்ன சொல்ல முடியும்? "திங்கட்கிழமை வந்து சேரும்மா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வெளியே செருப்பு மாட்டும்போது ஹில்டாவின் கால் தரையிலேயே நிற்கவில்லை. பின்னால் தோத்தாத்ரி வந்தார். அவரைப் பார்த்ததும் அடக்கி வைத்திருந்த கோபம் கிளம்பியது.

"சர்டிபிகேட் விசிறத்தான் ஆகும்னு சிரிச்சீங்களே சார்! முதல் நாள் கிளாஸ்லயே சொல்லிக் கொடுத்தாங்க. கார்டு என்னைக்காவது ஒருநாள் கீழே விழும், கட்டு மேல சாய்வா ஒரு கோடு போட்டு வைன்னு. அந்தக் கோடு மட்டும் இல்லேன்னா, நீங்க தட்டிவிட்டதுல என் வேலையே போயிருக்கும்!"

தோத்தாத்ரி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கோடு இருக்கான்னு பார்த்துட்டுத்தாம்மா தட்டினேன்."