கேட்டவனுக்குக் கிடையாது

"தங்கம் கேக்கல, ஸ்கூட்டர் கேக்கல, ஒரு பழைய கால்குலேட்டரத்தான கேட்டான். அதக் குடுக்க மாட்டேன்னு வீடு தேடி வந்த மாப்பிள்ளைய வெரட்டி விட்டுட்டியேலே."

ஆறுமுகத்தாயின் குரல் பெருமாள்புரத்தில் நாலு வீடு தாண்டிக் கேட்டது. கேட்க வேண்டியவர்கள் காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்றார்கள்.

"பைய பேசுக்கா. குடுக்க மாட்டேன்னா மாட்டேன்தான்" என்றார் தம்பி ஞானசம்பந்தன்.

பொதுப்பணித் துறையில் இஞ்சினியராக இருந்து, போன வருஷம், தொண்ணூற்று இரண்டில் ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். வீட்டில் அவரும் மகள் சித்ரலேகாவும்தான். சித்ரா பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறாள். அவளுக்கு முப்பது ஆகப்போகிறது என்பது அவளுக்கு மறந்தாலும் தெருவுக்கு மறக்காது. அவளை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுப்பதையே ஆறுமுகத்தாய் தன் உத்தியோகமாக வைத்திருந்தாள்.

இன்றைக்கு வந்த சுந்தருக்கு மின்வாரியத்தில் வேலை. சொஜ்ஜி சாப்பிட்டு, ஜாதகம் பேசி, காலம் மாறிவிட்டதே என்று பையனையும் பெண்ணையும் மாடிக்கு அனுப்பி ரெண்டு வார்த்தை பேசவும் விட்டார்கள். சிரித்த முகமாக இறங்கி வந்தவன், நகை நட்டெல்லாம் உங்க இஷ்டம் மாமா, எனக்கு உங்க பழைய சயின்டிபிக் கால்குலேட்டர் மட்டும் போதும் என்றான். ஞானசம்பந்தன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டார். "அதத் தர முடியாது. வேற எடம் பாத்துக்கிடுங்க" என்று ஒரே கும்பிடு.

இது முதல் தடவையும் இல்லை. ஏரல் பாங்க்காரனும் அதைத்தான் கேட்டான். அம்பாசமுத்திரம் வாத்தியாரும் அதைத்தான் கேட்டார். அவர்களுக்கும் இதே கும்பிடுதான். உள்ளே தங்கத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெருவில் ஒரு கட்சி. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் ஆறுமுகத்தாய்தான் தலைவி.

எழுபதுகளில் மேலப்பாளையம் சேக் முகம்மது துபாயிலிருந்து கூட்டாளி ஞானசம்பந்தனுக்காகக் கொண்டுவந்தது அது. அணைக்கட்டு வேலையில் மற்றவர்கள் லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கையில் இவர் பொத்தானைத் தட்டி விடை சொல்லிவிடுவார். ஒவ்வொரு பொத்தானும் டக்கென்று விரலுக்குப் பதில் சொல்லும். எண்கள் சிவப்பாக, கங்கு மாதிரி எரியும். கரண்ட் போன சாயங்காலங்களில், தாயில்லாத பிள்ளைக்கு அந்தச் சிவப்பு எண்களைக் காட்டித்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது பஸ் ஸ்டாண்டு கடையிலேயே வெயிலில் ஓடுகிற கால்குலேட்டர் சரம் சரமாகத் தொங்குகிறது. இவரோ பழசைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் மகளும் அதை எடுத்து, பேட்டரி போட்டு, சைன் முப்பது தட்டிப் பார்ப்பார்கள். அரை என்று வரும். சரியாத்தான் இருக்கு என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் பூட்டிவிடுவார்கள். வெளியாள் கண்ணில் காட்டியதே இல்லை. ஆறுமுகத்தாயே கதவிடுக்கில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

சுந்தர் போன மறுமாதம், சித்ராவோடு வேலை பார்க்கும் சிவகணேஷ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தானாகவே வந்து நின்றான். வாடகை வீடு, நிரந்தரமில்லாத வேலை. ஆறுமுகத்தாய் முகத்தைச் சுளித்தாள். இவனும் மாடிக்குப் போனான். இறங்கி வந்து கேட்கட்டும், தம்பியும் கும்பிடு போடட்டும், இந்தத் தடவை அது நல்லதுக்குத்தான் என்று காத்திருந்தாள்.

இறங்கி வந்தவன் இன்னொரு காப்பி கிடைக்குமா என்றான்.

ஞானசம்பந்தன் அவன் முகத்தையே பார்த்தார். "வேற எதுவும் வேணுமா தம்பி?"

"வேற ஒண்ணும் வேண்டாம் மாமா."

"அப்ப நாள் பாத்துருவோம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சுந்தரை விட மனசில்லாமல் ஆறுமுகத்தாய் தன் நாத்தனார் மகள் ராஜராஜேஸ்வரிக்குப் பேசி முடித்தாள். சீர்வரிசையில் ஒரு புதுக் கால்குலேட்டரையும் மறக்காமல் வைத்தாள். மாப்பிள்ளை ஏனோ அதைப் பார்த்து முழித்தான்.

பங்குனியில் சிவகணேஷுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்தது. ஜங்ஷனில் ரயில் புறப்படும் நேரம். ஞானசம்பந்தன் தோல் உறையை எடுத்து ஜன்னல் வழியாக மகள் கையில் வைத்தார். சித்ரா அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அழுதாள். ரயில் நகர்ந்தது.

ஆறுமுகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "மூணு பேரு வாய்விட்டுக் கேட்டப்ப இல்லன்னுட்ட. கேக்காதவன் வீட்டுக்குத் தூக்கிக் குடுக்க. என்னலே கணக்கு இது?"

"அது அலமாரிக்குள்ள இருக்கது அந்த மூணு பேருக்கும் எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சியாக்கா?" ஞானசம்பந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பாகிட்ட அதக் கேளுங்க, சந்தோசப்படுவாங்கன்னு மாடியில வச்சு அவதான் சொல்லிவிட்டிருக்கா. பிடிக்கலன்னு எங்கிட்டச் சொல்ல அவளுக்கு வாய் வரல. மொத ஆளு கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இதப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. பொண்ணு வேண்டாம்னா தெரு அவளப் பேசும். நான் வேண்டாம்னா என்னைக் கிறுக்கன்னு பேசும். பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."