சோம்பு போடாத கோலா

எண்ணெயில் விட்ட கறிக்கோலா உருண்டை மறுபடியும் உடைந்து பரவியது.

“அக்கா, இதுவும் ஒடஞ்சிப் போச்சு!” ராதிகா போனில் பதறினாள்.

“கறியில தண்ணி ஜாஸ்தி. இன்னொரு புடி பொட்டுக்கடல மாவு போட்டுப் பெசை.”

“சோம்பு?”

“வேணவே வேணாம்.”

கூடத்தில் எழில்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராதிகாவின் கணவன் பகலவனுக்கு முதல் தாரத்து மகள். பெற்றோரின் விவாகரத்துக்குப் பிறகு அப்பா வீட்டுக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறாள். காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

“மூணு பேரும் ஒன்னா உக்காந்து சாப்புடணும்னு இவரு ஆசப்பட்டுக்கினு இருக்காரு. புள்ள இதையும் தொடலன்னா இன்னாக்கா பண்றது?”

“மொதல்ல அடுப்பக் கம்மி பண்ணு.”

இந்த முறை உருண்டை உடையவில்லை. போனைக் கட் பண்ணக்கூடத் தோன்றாமல், அதைப் பிடித்த கையோடு ராதிகா தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எழில்மதி வேண்டாவெறுப்பாக ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

சிறுமியின் பார்வை மெல்ல ராதிகாவின் கையிலிருந்த போனுக்குப் போனது.

“அம்மா! லைன்லதான் இருக்கியா?”

“பேசாம சாப்புடுடி,” என்றது போன்.